பணம் கட்டியாச்சு, ஹால் டிக்கெட்டில் பேப்பர் இல்லை: தேர்வுப் பதிவிலும் மதிப்பெண் பதிவிலும் எங்கே தவறுகிறது?

கேள்வி: நான் பி.எஸ்சி. கடைசி செமஸ்டர் படிக்கிறேன். இரண்டு அரியர் இருக்கிறது. இரண்டுக்கும் ஆன்லைனில் கட்டணம் கட்டினேன், பணமும் கழிந்துவிட்டது. ஆனால் ஹால் டிக்கெட்டில் மூன்றாம் செமஸ்டர் அரியர் வரவில்லை. இன்னொரு அரியர், போன நவம்பரில் நான் உட்கார்ந்து எழுதிய பேப்பர்; அதற்கு ‘ஆப்சென்ட்’ என்று ரிசல்ட் வந்திருக்கிறது. காலேஜில் கேட்டால் யுனிவர்சிட்டியைக் கேள் என்கிறார்கள். யுனிவர்சிட்டிக்கு போன் செய்தால் காலேஜ் மூலம் வா என்கிறார்கள். யாரிடம் போவது?

பதில்: காலேஜின் எக்ஸாம் செல்லுக்குப் போங்கள். வாயால் கேட்காமல் எழுதிக் கொடுங்கள். இணைப்புக் கல்லூரி மாணவர்களின் மனுவைப் பல்கலைக்கழகம் பொதுவாக நேரடியாக வாங்காது. முதல்வர் கையெழுத்தோடு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போகும் கடிதம்தான் கோப்பில் ஏறும். “காலேஜ் மூலம் வா” என்று போனில் சொன்னதன் பொருள் அதுதான். உங்களுக்கு இருப்பது இரண்டு பிரச்சினை. இரண்டுக்கும் தனித்தனிக் கடிதம் கொடுங்கள். ஒரே கடிதத்தில் இரண்டையும் எழுதினால் ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றதை மறந்துவிட வாய்ப்பு அதிகம். பல்கலைக்கழகத்தில் இரண்டையும் பார்ப்பது வெவ்வேறு பிரிவுகள்.

பல்கலைக்கழகக் கணினியில் நீங்கள் ஒரு பெயராக இல்லை. பதிவெண், பாடக் குறியீடு, தேர்வு நடக்கும் மாதமும் ஆண்டும் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு வரியாக இருக்கிறீர்கள். தேர்வுக்குப் பதிவு செய்யும்போது அந்த வரி உருவாகிறது. ஹால் டிக்கெட், அறையில் கையெழுத்து வாங்கும் வருகைத்தாள், விடைத்தாள், மதிப்பெண், கடைசியில் கைக்கு வரும் கிரேடு ஷீட் எல்லாமே அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கின்றன. மூன்றில் ஒன்று எங்கேனும் பொருந்தாமல் போனால் அந்த இடத்தில் பேப்பர் காணாமல் போகும், அல்லது ‘ஆப்சென்ட்’ ஆகும், அல்லது ரிசல்ட் நிறுத்திவைக்கப்படும். எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்துவிட்டால் யாரிடம் போவது என்பது தானே தெளிந்துவிடும்.

முதலில் ஹால் டிக்கெட். இரண்டு அரியருக்கும் ஒரே ரசீதா, தனித்தனி ரசீதா என்று பாருங்கள். ஒரே ரசீது என்றால் அதில் பாடக் குறியீடுகள் அச்சாகியிருக்கும். இரண்டும் இருந்தால் பணத்தில் சிக்கல் இல்லை. ஒன்றுதான் இருக்கிறது என்றால் விண்ணப்பத்தில் அந்தப் பாடத்தை டிக் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள். நடப்பு செமஸ்டர் பாடங்கள் பல இணையதளங்களில் தானாகவே வந்து நிற்கும். அரியரை நாமே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அங்கேதான் பலரும் தவறவிடுகிறார்கள்.

தனித்தனியாகக் கட்டி ஒன்றுக்கு ரசீதே வரவில்லையா? வங்கியில் பணம் கழிவது வேறு, பதிவு முடிவது வேறு. கட்டணம் வந்து சேர்ந்த தகவல் பல்கலைக்கழக இணையதளத்துக்குத் திரும்ப வந்தால்தான் பதிவு முடியும். இடையில் இணைப்பு அறுந்தால் உங்கள் கணக்கில் பணம் இருக்காது, அவர்கள் பக்கம் வரியும் இருக்காது. கழிந்த பணம் பெரும்பாலும் தானே திரும்பும்: யுபிஐ-யிலோ கார்டிலோ கட்டி, வணிகருக்கு உறுதித் தகவல் போய்ச் சேரவில்லை என்றால் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வகுத்த விதி. எனவே ‘பணம் எப்படியும் போய்விட்டதே, அவர்களே சரிசெய்வார்கள்’ என்று காத்திருக்கக் கூடாது. அரை மணி நேரம் கழித்து இணையதளத்தில் கட்டண நிலையைப் பாருங்கள். இன்னும் ‘நிலுவை’ என்றே காட்டி, கடைசித் தேதியும் நெருங்கிவிட்டால் மறுபடி கட்டிவிடுங்கள். இருமுறை கட்டிய பணத்தைப் பிறகு கேட்டு வாங்கலாம். தவறவிட்ட தேதியை அபராதம் கட்டித்தான் வாங்க முடியும், அதுவும் அபராதத்துக்கான தேதி முடியும்வரைதான்.

உங்கள் விஷயத்தில் பணத்தைவிட எனக்குச் சந்தேகம் பாடக் குறியீட்டின் மேல்தான். காரணம், வராமல் போனது மூன்றாம் செமஸ்டர் பேப்பர். இடையில் பாடத்திட்டம் மாறியிருந்தால் பழைய குறியீட்டில் கேள்வித்தாள் தயாரிப்பதைச் சில பருவங்களுக்குப் பிறகு நிறுத்திவிடுவார்கள். அதற்கு இணையான புதிய பாடம் எது என்று ஓர் அட்டவணை வெளியிடுவார்கள். பழைய குறியீட்டில் பதிவு செய்தவருக்குப் பணம் ஏறும், ஆனால் கால அட்டவணையில் அந்தக் குறியீடே இல்லாததால் ஹால் டிக்கெட்டில் அச்சாகாது. கால அட்டவணையைத் திறந்து உங்கள் குறியீடு இருக்கிறதா என்று ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். பெயர் ஒன்றாக இருந்து குறியீடு வேறாக இருந்தால் உங்களுக்கு வேண்டியது இணைப்பாட உத்தரவு, அதாவது பழைய பாடத்துக்குப் பதிலாக இணையான புதிய பாடத்தை எழுதலாம் என்ற உத்தரவு. துறைத்தலைவர் சான்றளித்து முதல்வர் வழியாக அனுப்ப வேண்டும்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. அந்தப் பாடத்தில் மூன்றாம் செமஸ்டரிலேயே வருகைக் குறைவால் தேர்வெழுத விடாமல் நிறுத்தப்பட்டிருந்தால் அது அரியர் அல்ல. பெரும்பாலான இடங்களில் 75 சதவீத வருகை கட்டாயம்; அதற்குச் சற்றுக் கீழே இருப்பவர்களுக்கு மருத்துவச் சான்றின்பேரில், கட்டணத்துடன் விலக்கு தருவார்கள்; அதற்கும் கீழே போனால் வகுப்பையே மறுபடி படிக்க வேண்டும். பழைய ரிசல்ட்டில் அந்தப் பாடத்துக்கு எதிரே என்ன குறி இருக்கிறது என்று பாருங்கள். தோல்வி என்றால் எழுதலாம். வருகைக் குறைவு என்றால் தேர்வுக் கட்டணம் கட்டியதால் எதுவும் மாறாது.

எந்தக் காரணமானாலும் தேர்வு நாளுக்கு முன்பே கடிதம் போக வேண்டும். அறைவாரியான இருக்கைப் பட்டியலும் கேள்வித்தாள் எண்ணிக்கையும் ஹால் டிக்கெட் கணக்கை வைத்துத்தான் முடிவாகின்றன. தேர்வன்று காலையில் ரசீதைக் காட்டி உட்கார வைத்தாலும், பட்டியலில் இல்லாதவரின் விடைத்தாளுக்கு மதிப்பெண் ஏற வரி இருக்காது. எழுதிய மூன்று மணி நேரமும் வீணாகும்.

இப்போது அந்த ‘ஆப்சென்ட்’. இது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். வருகைத்தாளில் உங்கள் வரிக்குப் பக்கத்து வரியில் வரவில்லை என்று குறிக்க வேண்டியதை உங்கள் வரியில் குறித்திருப்பார்கள். அல்லது விடைத்தாள் முகப்பில் பதிவெண்ணின் ஓர் இலக்கத்தை நீங்களே தவறாக எழுதியோ வட்டத்தை மாற்றி நிரப்பியோ இருப்பீர்கள்; அப்போது மதிப்பெண் வேறொருவர் எண்ணில் விழுந்திருக்கும் அல்லது யாருக்கும் சேராமல் நிற்கும். அல்லது தாள் வேறொரு பாடத்தின் கட்டில் சேர்ந்து போயிருக்கும். முன்னும் பின்னும் அடுத்தடுத்த பதிவெண்காரர்களின் ரிசல்ட்டையும் விசாரியுங்கள். அன்று வராத ஒருவருக்கு மதிப்பெண் வந்திருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

இதற்குச் சான்று உங்கள் கையில் இருப்பதைவிடக் காலேஜில்தான் அதிகம். தேர்வு மையமான கல்லூரி, வருகைத்தாளின் நகலை வைத்திருக்கும். அதில் உங்கள் கையெழுத்தும், கையெழுத்துக்குப் பக்கத்தில் விடைத்தாளின் வரிசை எண்ணும் இருக்கும். அந்த எண்தான் முக்கியம். மதிப்பீட்டுக்கு முன்பு விடைத்தாள் முகப்பில் பதிவெண் உள்ள பகுதியைக் கிழித்தோ மறைத்தோ, ஒரு டம்மி எண்ணோ பார்கோடோ இடுவார்கள். திருத்துபவருக்கு அது யாருடைய தாள் என்று தெரியாது; மதிப்பெண் டம்மி எண்ணுக்கு எதிரேதான் ஏறும். பிறகு கணினியில் டம்மி எண்ணையும் பதிவெண்ணையும் சேர்ப்பார்கள். விடைத்தாள் வரிசை எண் தெரிந்தால் இந்த வழியைப் பின்னோக்கித் தேட முடியும். தெரியாவிட்டால் ‘நான் எழுதினேன்’ என்ற வாக்கு மட்டும்தான் மிஞ்சும்.

கடிதத்தில் நீளமான விளக்கம் வேண்டாம். பதிவெண், பாடக் குறியீடு, பாடப் பெயர், தேர்வுத் தேதி, முற்பகலா பிற்பகலா, மைய எண், அறை எண், விடைத்தாள் வரிசை எண்: இத்தனையும் ஒரே பார்வையில் தெரியும்படி எழுதுங்கள். கூடவே ஹால் டிக்கெட் நகல், ரிசல்ட் பக்கத்தின் அச்சு, வருகைத்தாளின் சான்றளித்த நகல். காலேஜ் அனுப்பும் கடிதத்தின் அனுப்புகை எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைச் சொன்னால்தான் பல்கலைக்கழகத்தில் யாரும் தேடிப் பார்ப்பார்கள். இனி எழுதும் ஒவ்வொரு தேர்விலும் வெளியே வந்ததும் விடைத்தாள் எண்ணைக் குறித்து வையுங்கள். ஆனால் ஹால் டிக்கெட்டில் குறிக்காதீர்கள். அதில் எதை எழுதினாலும் அடுத்த தேர்வில் முறைகேடு என்று பிடிக்க இடம் கொடுக்கும்.

கடிதம் போய்விட்டது என்பதற்காக அந்தப் பேப்பரை இந்த முறை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். ஹால் டிக்கெட்டில் இருக்கிறது, படித்து எழுதுங்கள். விசாரணை எப்போது முடியும் என்பது உங்கள் கையில் இல்லை. உங்களுக்கு இது கடைசி செமஸ்டர். பழைய தாள் கிடைத்து அதில் தேறியிருந்தால் நல்லது. கிடைக்கவில்லை என்றாலும் பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகாது. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தவர்களுக்கும் இதையேதான் சொல்ல வேண்டும்: அதன் முடிவு அடுத்த தேர்வின் கட்டணத் தேதிக்குப் பிறகுதான் பல முறை வருகிறது.

மறுகூட்டல், மறுமதிப்பீடு, நகல் ஆகிய மூன்றையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். மறுகூட்டலில் கூட்டலையும் திருத்தாமல் விட்ட விடைகளையும் மட்டும் பார்ப்பார்கள். மறுமதிப்பீட்டில் வேறொருவர் முழுத் தாளையும் திருத்துவார். விடைத்தாள் நகல் தரும் பல்கலைக்கழகம் என்றால் முதலில் நகலை வாங்குங்கள். உள்ளே கேள்வி வாரியாக இருக்கும் மதிப்பெண்ணை முகப்புக் கட்டங்களோடு ஒப்பிடுங்கள். பாட ஆசிரியரிடம் காட்டி, வாய்ப்பு இருக்கிறது என்று அவர் சொன்னால் மேலே போங்கள். கெடு ரிசல்ட் வெளியான நாளிலிருந்து ஓடும், நீங்கள் பார்த்த நாளிலிருந்து அல்ல. மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்தால் குறைந்ததையே எடுப்பார்களா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். விண்ணப்பத்தில் உள்ள விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இன்டர்னல் மார்க்கும் இதே வரியில்தான் வந்து சேரும். காலேஜ் அதை ஏற்ற ஒரு காலக்கெடு உண்டு, முடிந்ததும் பூட்டிவிடுவார்கள். பூட்டும் முன் துறையில் ஒரு பட்டியலைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். வரிசையில் நிற்கும் அவசரத்தில் எண்ணைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பூட்டிய பிறகு திருத்த வேண்டும் என்றால் தேர்வுத்தாள், பதிவேடு, முதல்வர் கடிதம் எல்லாம் வேண்டும். அரியர் எழுதும்போது பல இடங்களில் பழைய இன்டர்னலே தொடரும். எனவே அரியருக்கு உங்களுக்கு எத்தனை இன்டர்னல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, வெளித்தேர்வில் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்கில் இரண்டு வாசல் இருக்கிறது. உதாரணமாக இன்டர்னல் 25, வெளித்தேர்வு 75 என்று பிரித்து, வெளித்தேர்வில் குறைந்தது 30, மொத்தத்தில் 40 வேண்டும் என்று விதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இன்டர்னல் 22, வெளித்தேர்வு 27. மொத்தம் 49. நாற்பதைத் தாண்டியும் அவர் தோல்விதான், வெளித்தேர்வு வாசலில் மூன்று மதிப்பெண் குறைந்ததால். ‘49 எடுத்தும் ஃபெயில் போட்டுவிட்டார்கள்’ என்று வரும் புகார்களில் பெரும்பங்கு இதுதான்.

மதிப்பெண் கிரேடாக மாறியபின் சராசரியை எடுக்கும்போது கிரெடிட் எடை, அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் ஒதுக்கிய அளவு, சேரும். யுஜிசி வகுத்த 10 புள்ளி முறையில் ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5, வெறும் தேர்ச்சிக்கு 4, தோல்விக்கும் ஆப்சென்ட்டுக்கும் 0. ஐந்து பாடங்களுக்கு 4, 4, 3, 3, 2 கிரெடிட். புள்ளிகள் முறையே 8, 7, 9, 6, 10 என்றால் பெருக்கிக் கூட்ட 125 வரும். மொத்தக் கிரெடிட் 16-ஆல் வகுத்தால் 7.81. வெறுமனே ஐந்து புள்ளிகளையும் கூட்டி வகுத்தவருக்கு 8 வந்திருக்கும். தோற்ற பாடத்தைச் சில பல்கலைக்கழகங்கள் 0 புள்ளியோடு கணக்கில் சேர்க்கும், சில தேறும்வரை விட்டுவிடும். சதவீதமாக மாற்ற கிரேடு ஷீட்டில் அச்சிட்ட சூத்திரத்தை மட்டும் பயன்படுத்துங்கள். 9.5-ஆல் பெருக்குவது சிபிஎஸ்இ பள்ளித் தேர்வுக்கு வைத்திருந்த கணக்கு; உங்கள் பட்டத்துக்கு அது செல்லாது.

கடைசி செமஸ்டர் என்பதால் இன்னொன்றையும் இந்த வாரமே பாருங்கள். உங்கள் கிரெடிட்டுகள், மாணவர்கள் பெற்ற கிரெடிட்டுகளை ஆன்லைனில் சேர்த்துவைக்க 2021-இல் தொடங்கிய அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கிலும் ஏற வேண்டும். அதற்கு 12 இலக்க அடையாள எண் டிஜிலாக்கர் வழியாகக் கிடைக்கும். அங்கே பெயர் ஆதாரிலிருந்து வருகிறது, பல்கலைக்கழகத்தில் பள்ளிச் சான்றிதழிலிருந்து வருகிறது. நம் ஊரில் இனிஷியல் ஓர் ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயராகவே விரிந்து நிற்கும். கணினிக்கு அது வேறு ஆள். ஹால் டிக்கெட்டில் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட, பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் மூன்றாவது கடிதமாக அதையும் இப்போதே கொடுங்கள். பட்டச் சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவதென்றால் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், பழைய சான்றிதழை ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பது என்று நீளும்.