மார்பிள் பாலிஷ் கெட்டுவிட்டதா? அடுத்த ஆளைக் கூப்பிடுவதற்கு முன்

கேள்வி: புது வீட்டு ஹாலுக்கும் இரண்டு அறைகளுக்கும் மார்பிள் பாலிஷ் போட, சதுர அடிக் கணக்கில் பேசி ஒருவரிடம் வேலையை விட்டோம். முக்கால் பங்கு பணம் கொடுத்தாயிற்று. மீதிக்குத் தேதி போட்ட செக் அவர் கையில் இருக்கிறது. தரை முழுக்க வட்ட வட்டமாகக் கீறல், ஜன்னல் ஓரம் வெளுத்த திட்டுகள். பாத்ரூம் கிளீனர் கலந்து துடைத்தும் போகவில்லை. கேட்டால், "உங்க கல்லு அப்படி" என்று ஃபோனில் மரியாதையில்லாமல் பேசுகிறார். குடிபோவதையே தள்ளிப்போட்டோம், வீட்டில் நிம்மதி போயிற்று. அடுத்த வாரம் வேறு ஆள் வந்து முழுவதும் மறுபடி போடப்போகிறார். கொடுத்த பணம், மறுவேலைச் செலவு, மன உளைச்சலுக்கு நஷ்ட ஈடு எல்லாம் சேர்த்துக் கேட்கலாமா? செக்கை நிறுத்திவிடலாமா?

பதில்: அவர் பேசிய பேச்சும் நீங்கள் பட்ட அவமானமும் புகார் மனுவின் கடைசிப் பத்தியில் ஒரு தொகையாக வரும். அதற்கு மேல் அவற்றுக்கு வேலையில்லை. நுகர்வோர் ஆணையம் பார்க்கப்போவது ஒன்றைத்தான்: தரை கெட்டது கல்லாலா, அவர் வேலையாலா, நீங்கள் ஊற்றிய கிளீனராலா? இதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. சேவைக் குறைபாட்டைப் புகார்தாரர்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2021-இல் எஸ்ஜிஎஸ் இந்தியா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதனால் முதலில் அடுத்த வாரம் வரும் ஆளை நிறுத்துங்கள்.

இந்த மாதிரி வழக்குகளில் கட்சிக்காரர்கள் விழும் குழி இதுதான். ஆத்திரத்தில் புது ஆளைக் கூப்பிட்டு 50 நம்பர் பேடில் (மிஷினில் மாட்டும் முரட்டுத் தேய்ப்பு வட்டில்) தொடங்கி முழுத் தரையையும் தேய்த்துவிடுவார்கள். பழைய கீறல் அத்தனையும் சேற்றுத் தண்ணீரோடு போய்விடும். பிறகு கையில் மிஞ்சுவது மொபைலில் எடுத்த, ட்யூப்லைட் வெளிச்சம் பளபளக்கிற நாலு படம். புது ஆள் தருகிற "முன்னவர் வேலை சரியில்லை" கடிதத்தை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும்: இந்த வேலையில் லாபம் யாருக்கு?

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பாத்ரூம் கிளீனர் என்று, எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். கழிப்பறைக்கு விற்கும் கிளீனர் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருக்கும். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்ட இடம் அரித்து, மினுமினுப்புப் போய் வெளுக்கும். கிரானைட் என்றால் இந்த வாதம் இவ்வளவு எடுபடாது. உங்கள் தரை மார்பிள். துடைப்பதற்கு முன்பே திட்டு இருந்தது என்று காட்டத் தேதியுள்ள படமோ வாட்ஸ்அப் செய்தியோ இருக்கிறதா, தேடுங்கள். இல்லையென்றால் ஜன்னல் ஓரத் திட்டுகளைக் கோரிக்கையிலிருந்தே எடுத்துவிடுங்கள். பலவீனமான பகுதியைச் சேர்த்தால் பலமான பகுதியும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

உங்கள் பலமான பகுதி வட்டக் கீறல். டைமண்ட் பேடு 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று படிப்படியாக ஏறும்போது, ஒவ்வொரு நம்பரும் முந்தைய நம்பரின் கீறலை எடுக்க வேண்டும். நடுவில் ஒன்றிரண்டைத் தாண்டினாலோ, தேய்ந்த பேடில் அவசரமாக ஓட்டினாலோ முரட்டுக் கீறல் அடியில் தங்கி, மேலே பளபளப்பு மட்டும் ஏறும். ஆசிட் அரிப்பில் இந்த வட்டக் கோடு வராது. சிந்திய, துடைத்த வடிவத்தில் மங்கல்தான் இருக்கும். வட்டம் மிஷினின் கையெழுத்து. "கல் அப்படி" என்ற பதில் அதற்குப் பொருந்தாது.

இதைப் பதிவு செய்யும் முறை: இரவில் அறை விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். எந்த அறை, எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று குறித்துக்கொள்ளுங்கள். மொபைலைத் தொலைத்துவிடாதீர்கள். பாரதிய சாக்ஷிய சட்டம் 2023, பிரிவு 63-இன்படி, எந்தக் கருவியில் எடுத்தது என்று உறுதிசொல்லும் சான்றிதழ் இல்லாமல் படங்களைத் தாக்கல் செய்தால் ஆட்சேபம் வரும். பதிக்காமல் மிஞ்சிய கல் துண்டு இருந்தால் எறியவேண்டாம். அவர் விட்டுப்போன பேடு, பவுடர் பாக்கெட்டுக்கும் அதே கதிதான்: பத்திரமாக வையுங்கள்.

பிறகு, ஒரு தேதி குறித்து "வந்து சேர்ந்து பாருங்கள், சரிசெய்யும் வழி சொல்லுங்கள்" என்று பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். வரவில்லையென்றால் அவருக்குத்தான் பாதகம். அந்தத் தேதியில், மறுவேலையை எடுக்கப்போகாத ஒருவரைக் கொண்டு தரையைப் பார்த்து அறிக்கை வாங்குங்கள். அவர் பிரமாண வாக்குமூலம் தரத் தயாராக இருக்க வேண்டும். அதற்காகத் தரையை வருஷக்கணக்கில் அப்படியே போட்டுவைக்கவும் கூடாது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73-இன் விளக்கம், நஷ்டத்தைக் குறைக்க உங்கள் கையில் இருந்த வழியையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அறிக்கை வந்ததும் மறுவேலை செய்யுங்கள். ஒரு அறையில், கட்டில் போடப்போகிற மூலையில், இரண்டடிக்கு இரண்டடியைத் தொடாமல் விட்டுவிடுங்கள். நேரில் பார்த்து அறிக்கை தர ஆணையம் வழக்கறிஞர் கமிஷனரை அனுப்பினால் காட்ட அதுவாவது இருக்கும்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே என்று கவலை வேண்டாம். சதுர அடிக் கணக்கில் பேசியதே உங்களுக்குச் சாதகம். தினக்கூலிக்கு வைத்து, மிஷினையும் பவுடரையும் நீங்களே கொடுத்து, நின்று வேலை வாங்கியிருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(42) விலக்கிவைக்கும் 'தனிப்பட்ட சேவை' என்று அவர் வாதாட இடம் இருந்திருக்கும். புகார் கொடுக்கக் காலக்கெடு இரண்டு வருஷம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை.

செக்கில் கைவைக்கும்போது ஜாக்கிரதை. வங்கிக்கு 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்தாலும், பணமில்லாமல் செக் திரும்பினால் போடுகிற மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138 குற்ற வழக்கு வரும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1998 மோடி சிமென்ட்ஸ் தீர்ப்பிலிருந்தே தெளிவு. கடனுக்குத்தான் செக் கொடுத்தீர்கள் என்ற அனுமானத்தோடு குற்றவியல் நீதிமன்றம் ஆரம்பிக்கும். அதை உடைக்க வேண்டியவர் நீங்கள். ஆகவே மேலே சொன்ன நோட்டீஸிலேயே வேலைக் குறைபாட்டைச் சொல்லி, மீதி பாக்கி இல்லை என்றும், செக்கைத் திருப்பித் தரவேண்டும் என்றும் எழுதுங்கள். அது போய்ச் சேர்ந்த பிறகு வங்கிக்குச் சொல்லுங்கள். அவரிடமிருந்து 138 நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் பதில் போய்விட வேண்டும்.

வெளிப்படையாகச் சொன்னால், இந்த ஆதாரங்களைக் கையில் வைத்துப் பேசி முடியுங்கள், வழக்கை நடத்த வேண்டாம். ஊற்றிய கிளீனர் உங்கள் தொகையைக் குறைக்கும், செக் உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கும். அவர் மீதிப் பணத்தையும் செக்கையும் விட்டுவிட்டு, மறுவேலைச் செலவில் ஒரு பங்கு தந்தால் முடித்துக்கொள்ளுங்கள். நானே மறுபடி போட்டுத் தருகிறேன் என்றால், முதலில் ஒரு ஓரத்தில் மாதிரி போட்டுக் காட்டச் சொல்லி, எந்த நம்பர் பேடுகள், எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்து முடிக்கும் வரை "முழுத் திருப்தி", "முழுப் பைசல்" என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 63-இன்படி அந்த ஒரு வரியோடு உங்கள் கோரிக்கை முடிந்துவிடும்.