பழைய ஆம்ப்ளிஃபயரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: அப்பா 1980-களின் கடைசியில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி மர ஸ்பீக்கரும் வீட்டில் இருக்கின்றன. கேசட் டெக் போய்விட்டது. போனில் வரும் பாட்டை இதில் கேட்க ஆசை. கடைக்காரர், “இது அனலாக் சார், டிஜிட்டலுக்கு செட் ஆகாது. எக்ஸ்சேஞ்ச் போட்டு சவுண்ட்பார் எடுத்துக்குங்க” என்கிறார். என்ன செய்யலாம்? – கோவை வாசகர்.

பதில்: கொடுக்காதீர்கள். கடைக்காரர் சொன்னது தவறு. சிடியோ யூடியூபோ, எந்தப் பாட்டும் கடைசியில் அனலாக் மின்சாரமாக மாறித்தான் ஸ்பீக்கரை அசைக்கிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் சில்லுக்கு ‘டாக்’ என்று பெயர். ஹெட்போன் துளை உள்ள போனில் அது ஏற்கெனவே இருக்கிறது. துளை இல்லாத போன் என்றால், சார்ஜர் துளையில் சொருகி ஹெட்போன் துளை தரும் டைப்-சி டாங்கிள் ஒன்று போதும். அதிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கச் சிவப்பு, வெள்ளைத் துளைகளுக்கு, ஒரு முனையில் ஹெட்போன் பின்னும் மறுமுனையில் சிவப்பு, வெள்ளைப் பின்களும் உள்ள ஒரு ஆர்சிஏ கேபிள். செலவு சில நூறு ரூபாய்தான். முதலில் இப்படிக் கேட்டுப் பாருங்கள். போனில் ஒலியளவைக் கூட்டி வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் திருகிக் குறையுங்கள்.

எந்தத் துளையில் சொருகுகிறீர்கள் என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ‘போனோ’ என்று எழுதியிருப்பதில் சொருகவே கூடாது. அது செல்போனுக்கானது இல்லை, ரெக்கார்ட் பிளேயருக்கானது. ரெக்கார்ட் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதைப் பல மடங்கு பெருக்கி, பேஸையும் தூக்கிக் கொடுப்பதற்காக அந்தத் துளைக்குப் பின்னால் தனிச் சுற்று இருக்கிறது. போன் தருவதோ ஒரு வோல்ட் அளவுக்கு வரும். சொருகினால் பாட்டு கரகரத்து இரைச்சலாகும், ஸ்பீக்கருக்கும் கேடு. ‘ஆக்ஸ்’, ‘சிடி’, ‘டியூனர்’ மூன்றில் எது இருந்தாலும் சரி. எதுவுமே இல்லாவிட்டாலும் கவலையில்லை, உங்கள் கேசட் டெக் போனதால் ‘டேப்’ துளைகள் காலியாக இருக்கும். அதிலும் ‘பிளே’ அல்லது ‘இன்’ என்ற ஜோடியில் மட்டும் சொருகுங்கள். ‘ரெக்’ ஜோடி வெளியே அனுப்புவது. சில மாடல்களில் முன்பக்கம் ‘டேப் மானிட்டர்’ பொத்தானை அழுத்தினால்தான் சத்தம் வரும். அதை அழுத்தாமலேயே செட் ரிப்பேர் என்று முடிவுகட்டிக் கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு. அங்கே போனால் சும்மா திருப்பியா தருவார்கள்?

கேபிள் தொந்தரவாக இருந்தால் அடுத்தது வைஃபை ஸ்ட்ரீமர், அதாவது வீட்டு வைஃபையில் இணைந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைத் தரும் சிறு பெட்டி. புளூடூத் ரிசீவர் மலிவுதான், ஆனால் பாட்டை இன்னொரு முறை சுருக்கி அனுப்பும், அழைப்பு வந்தால் பாட்டு நின்றுவிடும். வைஃபை பெட்டிக்குப் போன் கட்டளை மட்டும்தான் கொடுக்கிறது. பாட்டை அதுவே இணையத்திலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும். ஒலிப்பதிவின் நுணுக்கத்தைக் காட்டும் எண்களைச் சொல்லி, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விலையை ஏற்றுவார்கள். சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் உங்கள் காதுக்குத் தாராளம்.

எல்லாம் உள்ளேயே அடங்கிய ‘ஸ்மார்ட்’ செட்டை மட்டும் வாங்காதீர்கள். ஸ்பீக்கர் முப்பது வருடம் உழைக்கும், ஆப் உழைக்காது. கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ என்ற சிறு ஸ்ட்ரீமர் 2015-இல் வந்தது, 2019-இல் உற்பத்தி நின்றது. 2025 மார்ச்சில் ஒரு சான்றிதழ் காலாவதியானதால் வாங்கியவர்கள் வீட்டிலெல்லாம் சில நாள் முடங்கிக் கிடந்தது. இத்தனை வருடம் அப்டேட் தருவோம் என்று அட்டையிலேயே எழுத வைக்க நம் நாட்டில் யாருக்கும் அக்கறை இல்லை. ஸ்ட்ரீமர் தனியாக இருந்தால், அது செத்தாலும் சிறிய பெட்டியோடு நஷ்டம் முடிந்தது.

எக்ஸ்சேஞ்ச் கடையில் இன்னொரு வலை பிஎம்பிஓ, அதாவது கண நேர உச்சத்தை ஊதிக் காட்டும் விளம்பரக் கணக்கு. ஆயிரக்கணக்கான வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ், எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். உங்கள் பழைய செட்டின் உண்மையான 30, 40 வாட்ஸே ஹாலுக்குப் போதும். அதை அடிமாட்டு விலைக்கு வாங்கித் துடைத்து, பழைய செட் தேடி அலைபவர்களிடம் நல்ல விலைக்கு விற்கிற தரகர்களும் இருக்கிறார்கள்.

காசு செலவழிப்பதானால் ரிப்பேருக்குச் செலவழியுங்கள். வால்யூம் திருகும்போது கரகரத்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கான்டாக்ட் கிளீனர் அடிக்கச் சொல்லுங்கள். பாட்டு இல்லாதபோதும் ‘ம்ம்ம்’ என்று இரைந்தால் பெரும்பாலும் கெபாசிட்டர் மாற்ற வேண்டியிருக்கும். ஸ்பீக்கர் கூம்பின் விளிம்பில் ஃபோம் இருந்தால் விரலால் லேசாகத் தொடுங்கள். பொடியாக உதிர்ந்தால் ஃபோமை மட்டும் மாற்றலாம். டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துபோயிருந்தால்தான் புது ஆம்ப்ளிஃபயர் பற்றி யோசியுங்கள். அப்போதும் ஸ்பீக்கரைக் கொடுத்துவிடாதீர்கள்.