வாசகர் கேள்வி – பதில்: ரொனால்டோவின் ஐரோப்பிய ஆண்டுகள்

கேள்வி: எங்கள் ஐயா, சம்பளச் சீட்டு எழுதிக்கொடுத்து மூன்றாண்டுத் தவணையில் ரங்கூன் கடைக்குப் போனவர். பிரேசில் கால்பந்து ஆட்டக்காரர்கள் ஐரோப்பாவுக்குப் போவதும் அப்படித்தானா? ரொனால்டோ (போர்ச்சுக்கல்காரரைக் கேட்கவில்லை) நேரே ஸ்பெயினுக்குப் போகாமல் முதலில் ஹாலந்துக்குப் போனது ஏன்?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தவணை ஒன்றுதான், ஆனால், உங்கள் ஐயாவை அடுத்த கடைக்காரர் தவணை நடுவில் விலைகொடுத்து அழைத்துப்போயிருக்க முடியாது. கால்பந்தில் அதுவே வழக்கம்; பிரேசில் கிளப்புகளுக்கு இளம் ஆட்டக்காரர்களை விற்று வரும் பணம் பெரிய வருமானம். குருசேரோ கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த ரொனால்டோவை 1994இல், அவருடைய 17ஆம் வயதில், ஹாலந்தின் பி.எஸ்.வி. ஐண்ட்ஹோவன் வாங்கியது. நம் வீடுகளில் ரேடியோவாகவும் பல்பாகவும் அறிமுகமான பிலிப்ஸ் நிறுவனத்தின் ஊழியர்களுக்காக 1913இல் தொடங்கப்பட்ட கிளப் அது.

இவருக்கு முன்பே இன்னொரு பிரேசில் ஆட்டக்காரர் ரொமாரியோ 1988இல் அங்கே போய், ஐந்து ஆண்டுகள் ஆடி, பிறகு பார்சிலோனாவுக்குச் சென்றிருந்ததால், பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. பெரிய கடைக்குப் பொறுப்பேற்கும் முன் பெட்டியடிப் பையனாக இருந்து தொழில் கற்பதைப் போல, குளிரையும் புரியாத மொழியையும் முரட்டுத் தடுப்பாட்டத்தையும் சற்றே சிறிய லீக்கில் பழகிக்கொள்ள அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. முதல் பருவத்திலேயே லீக்கில் 30 கோல் அடித்தார் என்பதால், பழகுவதற்கு அவருக்கு அதிக நாள் தேவைப்படவில்லை என்றே சொல்ல வேண்டும். முழங்கால் தொல்லையும் அங்கேயே தொடங்கிவிட்டது.

கேள்வி: காயம் படாதிருந்தால் அவர் இன்னும் எவ்வளவோ சாதித்திருப்பார் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: காயத்துக்கு முந்தைய ரொனால்டோவை அறிய ஒரு கோல் போதும். 1996 அக்டோபரில் கொம்போஸ்தெலா அணிக்கு எதிராகப் ஹாலந்திலிருந்து மாறிவந்த புதிய கிளப்பான ஸ்பெயினின் பார்சிலோனாவுக்காக ஆடியபோது, தம் அணியின் பாதித் திடலிலேயே பந்தைப் பெற்று, சட்டையைப் பிடித்து இழுத்தவரை உதறிவிட்டு, குறுக்கே வந்தவர்களையெல்லாம் தாண்டி ஓடிப் பந்தை வலைக்குள் தள்ளினார். பயிற்சியாளர் பாபி ராப்சன் நம்ப முடியாமல் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்தப் பருவத்தில் ரொனால்டோ அடித்த லீக் கோல்கள் 34. ஆனாலும் ஒரே பருவத்துடன் இன்டர் மிலான் அவரை இத்தாலிக்குக் கொண்டுபோனது.

1999 நவம்பரில் வலது முழங்கால் தசைநாண் கிழிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து, 2000 ஏப்ரல் 12 அன்று ரோமில் லாட்சியோவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கிய சில நிமிடங்களிலேயே, யாரும் மோதாமல், அதே முழங்காலின் தசைநாண் முற்றிலும் அறுந்துபோனது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை.

திரும்பி வந்தவர் வேறு ஆட்டக்காரர் என்பது என் கணிப்பு. நெடுந்தூர ஓட்டம் குறைந்தது. கோல் பெட்டிக்குள் எங்கே நிற்க வேண்டும் என்ற கூர்மை கூடியது. 2002 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜெர்மனியின் ஆலிவர் கான் பிடி நழுவவிட்ட பந்தை மற்றவர்கள் உணரும் முன்பே பாய்ந்து அடித்ததும், பின்னர் இரண்டாவது கோலைப் பதற்றமின்றி மூலையில் செலுத்தியதும் இந்தப் புதிய ரொனால்டோவின் வேலைகள். அத்தொடரில் 8 கோல். 2003இல் மான்செஸ்டரில் ரியல் மாட்ரிட்டுக்காக மூன்று கோல் அடித்துவிட்டு வெளியேறியபோது எதிரணி ரசிகர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆகவே, காயம் அவரை அழித்துவிட்டது என்று புலம்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் கோப்பை ஒரு முறைகூட அவருக்குக் கிடைக்காதது ஏன்?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: காலம் ஒத்துவரவில்லை. ரியல் மாட்ரிட் 2002 மே மாதம் கோப்பையை வென்ற பிறகே அவர் அங்கே சேர்ந்தார். 2007இல் ஏ.சி. மிலான் வென்றபோது அந்தக் கிளப்பில்தான் இருந்தார். ஆனால் அதே பருவத்தில் அந்தப் போட்டியில் மாட்ரிட்டுக்காக ஏற்கெனவே ஆடியிருந்ததால், அப்போதைய விதிப்படி மிலானுக்காக அவரை இறக்க முடியவில்லை. பிறகு தாய்நாடு திரும்பி, 2008 டிசம்பரில் கொரிந்தியான்ஸ் கிளப்பில் சேர்ந்து, 2011 பிப்ரவரியில், காயங்களையும் தைராய்டு குறைபாட்டையும் காரணம் காட்டி ஓய்வு பெற்றார்.