ஒலிப்பதிவு கேள்வி–பதில்: விலை குறைந்த ரிப்பன் மைக் வாங்கலாமா?

போன இதழில் ரிப்பன் மைக் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை முழுக்க அதுவே.

எங்கள் வீட்டில் அப்பாவும் அண்ணனும் நாதஸ்வரம் வாசிக்கிறார்கள். வீட்டிலேயே பதிவு செய்யலாம் என்று ஒரு கண்டென்சர் மைக் வாங்கினேன். ஹெட்போனில் கேட்டால் காதைக் குத்துகிறது. 15,000 ரூபாய்க்குள் வரும் ரிப்பன் மைக் வாங்கினால் சரியாகுமா? – வாசகர், திருவாரூர்

வாங்குங்கள். விலை குறைந்த ரிப்பன் மைக் எந்த வாத்தியத்துக்கு மிகவும் பொருந்தும் என்று என்னைக் கேட்டால், முதலில் நாதஸ்வரத்தைத்தான் சொல்வேன்.

காரணம் இதுதான். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியில் பிறக்கும் ஒலியில் மேல் அதிர்வெண்கள் ஏராளம். விலை குறைந்த கண்டென்சர் மைக்குகள் (மின்சாரம் கொடுத்து இயக்கும் வகை) பலவற்றில், குரல் பளிச்சென்று கேட்கட்டும் என்று 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் தூக்கி வைத்திருப்பார்கள். ஏற்கெனவே அங்கே நிறைந்திருக்கும் வாத்தியத்துக்கு அந்தத் தூக்கல் வேண்டவே வேண்டாம். கல்யாண வீடியோக்களில் மட்டும் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்கள், அது காதைக் கிழிக்கும் வாத்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் ரொம்ப வருத்தம் உண்டு. நல்ல வித்வான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் எவ்வளவு மரம் இருக்கிறது, எவ்வளவு கனம் இருக்கிறது என்று.

ரிப்பன் மைக்குக்குள் இருப்பது மெல்லிய அலுமினியத் தகடு, அவ்வளவுதான். மாடலைப் பொறுத்து 2 மைக்ரானிலிருந்து 6 மைக்ரான் வரை தடிமன் இருக்கும். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். அந்தத் தகட்டைச் சின்னச் சின்ன மடிப்பாக நெளித்து, இரண்டு காந்தங்களுக்கு நடுவில் தொங்கவிட்டிருப்பார்கள். காற்று அசைய, தகடு அசைய, மின்சாரம் பிறக்கிறது. தகட்டின் சொந்த அதிர்வு கேட்கும் எல்லையின் அடிக்கோட்டில், சில பத்து ஹெர்ட்ஸில் இருக்கும். அதனால் மேலே எங்கேயும் அது தானாகக் கூவாது. மேல் ஒலிகள் மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். நாதஸ்வரத்துக்கு அந்த இறக்கம்தான் வேண்டும்.

இன்னொரு சௌகரியம், ரிப்பன் மைக்கின் சத்தம் குறைவு என்ற குறை இங்கே குறையே இல்லை. நாதஸ்வரம் தருகிற சத்தத்துக்கு, மைக்கைக் கணினியோடு இணைக்கும் சாதாரண இன்டர்ஃபேஸே போதும்.

எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். நாதஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணசுக்கு நேரே வைக்காதீர்கள். எல்லா விரல்களும் மூடியிருக்கும்போது ஒலி அணசு வழியாக வரும். விரல் திறக்கத் திறக்க, திறந்த துளைகளிலிருந்தும் வரும். அணசில் மட்டும் மைக் இருந்தால் ஒரு சுரம் முன்னால் குதிக்கும், அடுத்தது பின்னால் போகும். நான்கு அடி தள்ளி, வாசிப்பவரின் முகத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து, உலவின் (துளைகள் உள்ள மரக்குழலின்) நடுப்பகுதியைப் பார்க்கிற மாதிரி திருப்புங்கள். இரண்டு அடிக்குள் போனால் ரிப்பனில் கீழ்ச்சத்தம் வீங்கிவிடும், மற்ற மைக்குகளைவிட அதிகமாகவே. அப்புறமும் மேல் ஸ்தாயியில் கூர்மையாகத் தெரிந்தால் மைக்கைச் சற்றே முன்னால் சாயுங்கள். தகடு நீளவாக்கில் தொங்குவதால், மேலும் கீழும் சாய்க்கும்போது கூர்மை குறையும். மேல், கீழ் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் தொடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

தவிலும் கூட இருந்தால் ஒரு உபாயம். ரிப்பன் மைக் முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரி கேட்கும், இரண்டு பக்கவாட்டிலும் செவிடு. நாதஸ்வரத்தை மைக்கின் முகத்துக்கு நேரே உட்கார வைத்து, தவில்காரரைப் பக்கவாட்டில் வரும்படி உட்காரச் சொல்லுங்கள். தவில் முழுதாக மறையாது, சுவரில் பட்டுத் திரும்புவது வரத்தான் செய்யும். ஆனால் தவில் கழியின் அடி நாதஸ்வரத்தை விழுங்காது. தவிலுக்கு வேறு மைக் வைத்துக்கொள்ளலாம்.

நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த ஆச்சா மரத்தில் கடைகிறார்களே, அப்படிப்பட்ட வாத்தியம் உங்கள் வீட்டில் இருந்தால், மந்திர ஸ்தாயியில் அப்பாவை ஒரு நிமிடம் ஆலாபனை செய்யச் சொல்லிப் பதிவு செய்து பாருங்கள். நான் சொன்ன மரம் அங்கே கேட்கும்.

ஃபேன்டம் பவர் போட்டால் ரிப்பன் மைக் எரிந்துவிடும் என்கிறார் கடைக்காரர். என் இன்டர்ஃபேஸில் இரண்டு சேனலுக்கும் சேர்த்து ஒரே பொத்தான்தான். பக்கத்துச் சேனலில் கண்டென்சர் போட்டிருக்கிறேன். – வாசகர், கோயம்புத்தூர்

எரியாது, ஆனால் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஃபேன்டம் என்பது கண்டென்சர் மைக்குக்காக இன்டர்ஃபேஸ் அதே கேபிளில் அனுப்பும் 48 வோல்ட் மின்சாரம். அது கேபிளின் 2ஆம், 3ஆம் முனைகள் இரண்டிலும் சமமாகப் போகும். சமமாக இருக்கிற வரைக்கும் மைக்கின் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னோட்டம் இருக்காது, தகடு அசையாது. கேபிளுக்குள் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தாலோ, ஷார்ட் ஆகியிருந்தாலோ, ஃபேன்டம் எரியும்போதே மைக்கைச் செருகினாலோ சமநிலை ஒரு கணம் தவறும். அந்த ஒரு உதை தகட்டை இழுத்துவிடப் போதும். பேட்ச் பேயில் (ஸ்டூடியோவில் கேபிள்களை மாற்றிச் செருகும் பலகையில்) செருகி எடுப்பதும் அதே ஆபத்து.

உங்கள் நிலைமைக்கு எளிய வழி, மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் போட்டு, மைக்கின் சத்தத்தைக் கூட்டும் சின்ன பூஸ்டர். அது ஃபேன்டத்தைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும், மைக் பக்கம் விடாது. கேபிளைச் சோதித்து ரிப்பனுக்கென்று ஒன்றை ஒதுக்கி வையுங்கள். செருகுவதற்கு முன் ஃபேன்டத்தை அணைத்து அரை நிமிடம் காத்திருங்கள். மைக்குக்குள்ளேயே பெருக்கி வைத்து, ஆக்டிவ் ரிப்பன் என்று விற்பவை வேறு. அவற்றுக்கு ஃபேன்டம் கட்டாயம் வேண்டும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வயலின் பதிவுக்கு ரிப்பன் மைக் வாங்கினேன். சத்தம் மிகக் குறைவு. கெயினை முழுக்கத் திருப்பினால் உஸ் என்று இரைகிறது. மைக் பழுதா? – வாசகி, யாழ்ப்பாணம்

பெரும்பாலும் பழுது இல்லை. ஒரே அளவு ஒலிக்குக் கண்டென்சர் 10, 20 மில்லிவோல்ட் தரும் இடத்தில், ரிப்பன் 1 அல்லது 2 தான் தரும். அதாவது 20 டெசிபெல் குறைவு. அந்த 20ஐயும் உங்கள் இன்டர்ஃபேஸுக்குள் இருக்கும் ப்ரீஆம்ப், அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் பகுதி, ஈடுகட்ட வேண்டும். 50, 55 டெசிபெல்லோடு நின்றுவிடும் இன்டர்ஃபேஸ்கள் கடைசித் திருப்பில் இரையும். அப்படியானால் மேலே சொன்ன பூஸ்டர் உங்களுக்கும் உதவும். அது 20 முதல் 25 டெசிபெல் வரை கொடுக்கும். உங்களுடையது 65, 70 வரை போகும் புதிய இன்டர்ஃபேஸ் என்றால் பூஸ்டருக்குச் செலவழிக்காதீர்கள்.

அதற்கு முன் இரண்டு விஷயம். 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். அப்போது மீட்டரில் உச்சம் மைனஸ் 18 டெசிபெல்லில் நின்றாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. மீட்டரைச் சிவப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும் என்று கெயினைத் திருகிக்கொண்டே போகிறவர்கள் அதிகம். இரண்டாவது, மைக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கும்போது, நரம்புகளைத் தாங்கும் சிறு மரத்துண்டான குதிரை மேல்நோக்கிப் பார்க்கும். குதிரைக்கு மேலே இரண்டு அடி உயரத்தில், வில் தட்டாத பக்கமாக நின்று கீழே பார்க்கும்படி வையுங்கள்.

வில் நரம்பில் உராயும் அந்தக் கரகரப்பு கண்டென்சரில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ரிப்பனில் அது சுரத்தோடு சேர்ந்துவிடும். கமகம் தொடர்ச்சியாக வரும். கொஞ்சம் மங்கலாகத் தோன்றினால் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் 2, 3 டெசிபெல் ஏற்றிப் பாருங்கள். ரிப்பன் இந்த ஏற்றத்தை முரண்டு பிடிக்காமல் வாங்கிக்கொள்ளும். இரைச்சலும் கூடவே ஏறும் என்பதால்தான் முதலில் கெயினைச் சரிசெய்யச் சொன்னேன்.

பத்துக்குப் பத்து அறை. ரிப்பன் மைக்கில் எதைப் பதிவு செய்தாலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. நடுநடுவே புப் புப் என்ற சத்தம் வேறு. – வாசகர், சென்னை

புப் புப் என்பது உங்கள் சீலிங் ஃபேன். நேரடியாகவே சொல்கிறேன், ஃபேன் ஓடும் அறையில் ரிப்பன் மைக் வேண்டாம். மோட்டார் சத்தம்கூட இரண்டாவது. காற்று பட்டாலே தகடு ஆடும். வாயால் ஊதிப் பார்க்கும் பழக்கமும் இதற்கு ஆகாது. அறைக்கு அறை தூக்கிக்கொண்டு போகும்போதுகூட மேலே ஒரு துணிப்பையை மாட்டுங்கள்.

கிணற்றுச் சத்தத்துக்குக் காரணம் மைக்கின் முதுகு. அது முன்னால் இருக்கும் வாத்தியத்தை எவ்வளவு கேட்கிறதோ, பின்னால் இருக்கும் சுவரையும் அவ்வளவு கேட்கிறது. சின்ன அறை, மொசைக் தரை, வெறும் சுண்ணாம்புச் சுவர் என்றால் பட்ட ஒலி உடனே திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். மைக்கின் பின்புறச் சுவரில் ஒரு பஞ்சு மெத்தையை நிமிர்த்திச் சாத்துங்கள். விலை உயர்ந்த நுரைப் பலகை தேவையில்லை. மெல்லிய நுரையைவிட நம் இலவம்பஞ்சு மெத்தையின் தடிமன் நன்றாகவே வேலை செய்யும். மைக் சுவரை ஒட்டி இல்லாமல், மெத்தையிலிருந்து குறைந்தது மூன்று அடி தள்ளி இருக்கட்டும். அறையின் நட்டநடுவிலும் வேண்டாம், கீழ்ச்சத்தம் அங்கே குழம்பும்.

நல்ல செய்தியும் உண்டு. மைக் நேராக நின்றால் அதற்கு மேலும் கீழும்கூடச் செவிடு. கூரையும் தரையும் தரும் எதிரொலி மற்ற மைக்குகளைவிட இதில் குறைவாக விழும். தாழ்ந்த கான்கிரீட் கூரைக்குக் கீழே இது பெரிய உதவி.

ஒரு மாதிரி ரீங்காரம் கேட்டால் பக்கத்தில் இன்வெர்ட்டரோ, சார்ஜரோ இருக்கிறதா பாருங்கள். மைக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் ஓர் இடத்தில் ரீங்காரம் அடங்கும்.

பழைய ஆர்சிஏ ரிப்பன் மைக்கும் இப்போது வரும் மலிவு ரிப்பனும் ஒன்றுதானா? – வாசகர், மதுரை

தத்துவம் ஒன்றுதான். 1920களில் ஜெர்மனியில் ஷாட்கியும் கெர்லாக்கும் உருவாக்கியது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனத்தின் ஹாரி ஓல்சன் அதை ஸ்டூடியோவுக்கு ஏற்ற மைக்காக வளர்த்தார். ஆர்சிஏ 44 அப்படி வந்தது. மலிவு மாடல்களில் வித்தியாசம் தெரிவது மூன்று இடத்தில்: தகட்டின் தடிமனும் இழுத்துக் கட்டிய விதமும், டிரான்ஸ்ஃபார்மர், வெளியே போட்டிருக்கும் வலை. டிரான்ஸ்ஃபார்மரைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், அது பணத்துக்குத் தகுந்த மாற்றம். ஆனால் காந்தத்துக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு போகிற வேலை அது, தெரிந்தவரிடம் கொடுங்கள். இரும்புத் தூள் உள்ளே போனால் காந்தம் விடாது.

கடையில் வாங்கும்போதே ஒருவரை மைக்கின் முன்னாலும் பின்னாலும் ஒரே தூரத்தில் பேசச் சொல்லிப் பதிவு செய்து கேளுங்கள். இரண்டும் பெரிதாக வேறுபட்டால் தகடு நடுவில் இல்லை என்று அர்த்தம். மைக்கை எப்போதும் நிமிர்த்தி வையுங்கள். மாதக்கணக்கில் படுக்கப்போட்டால் தகடு தொய்ந்துவிடலாம்.

கடத்துக்கும் புல்லாங்குழலுக்கும் பயன்படுத்தலாமா? – வாசகி, திருச்சி

கடத்தின் வாய்க்கு அருகே வேண்டாம். வயிற்றில் சேர்த்தும் எடுத்தும் வாசிக்கும்போது உள்ளிருந்து காற்று உதைக்கும். பக்கவாட்டில் மூன்று அடி தள்ளி என்றால் தாராளமாக. புல்லாங்குழலில் ஊதும் காற்றின் பாதைக்கு மேலே வையுங்கள், எதிரே வேண்டாம். மூச்சுச் சத்தம் அழகாக அடங்கும்.

இரண்டு ரிப்பன் மைக் வைத்து ஸ்டீரியோவாகப் பதிவு செய்ய முடியுமா? எங்கள் குழுவில் பாட்டு, வயலின், மிருதங்கம். மரத்தரை போட்ட ஒரு சின்ன அரங்கம் கிடைக்கிறது. – வாசகர், டொராண்டோ

முடியும், அதைவிட இயல்பான ஸ்டீரியோ எனக்குத் தெரியாது. இங்கிலாந்தில் இஎம்ஐ நிறுவனத்தில் இருந்த ஆலன் ப்ளம்லைன் 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. ஒரு மைக்கின் தலைக்கு மேல் இன்னொன்றைத் தலைகீழாக நிறுத்தி, ஒன்று 45 டிகிரி இடப்பக்கமும் மற்றது 45 டிகிரி வலப்பக்கமும் பார்க்கும்படி திருப்புங்கள். பாடுபவர் நடுவில், வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் மறுபக்கம், நீங்கள் மேடையில் உட்காரும் அதே அமைப்பு. மூன்று பேரும் அந்த 90 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஆறேழு அடியில் ஆரம்பியுங்கள். மிருதங்கம் தூக்கலாக இருந்தால், ஒவ்வொரு மைக்கின் ஒலி அளவையும் மாற்றும் ஃபேடரால் அதை மட்டும் குறைக்க வழியில்லை, மிருதங்கக்காரரைத்தான் ஓர் அடி பின்னால் நகர்த்த வேண்டும். அரங்கத்தின் ஒலியும் முதுகு வழியாக முழுசாக வரும் என்பதால், நல்ல அரங்கமாக இருப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

மலிவு மைக்குகளில் ஒன்றுக்கொன்று சத்தம் வேறுபடும். பதிவுக்கு முன் இரண்டையும் ஒட்டி வைத்து, ஒரே தம்புராவைப் பதிந்து, கெயினைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். மேல் ஒலியிலும் பெரிய வித்தியாசம் தெரிந்தால், கடைக்குத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒன்றை மாற்றி வாங்கிவிடுங்கள்.