ஊசி போட்ட தோளில் நோ: நட்டஈடு எடுக்கலாமா? சட்டத்தரணி பதில்

களுவாஞ்சிகுடியிலிருந்து: அண்ணன், எங்கட அக்கா அமெரிக்காவில. போன வருசம் ஃப்ளூ ஊசி போட்டவ. அடுத்த நாளில இருந்து தலை வாரக் கை எழும்புதில்ல. அங்க நட்டஈடு குடுக்கிறாங்களாமே?

குடுக்கிறாங்க தம்பி, அதற்கென்று அரசாங்கத் திட்டம் ஒன்று இருக்கு. தோள் எலும்பு விளிம்புக்குக் கிட்ட, உயரத்தில் குத்தினால் மருந்து தசைக்குப் போகாமல் மூட்டோரத்தில் இறங்கி அழற்சியாக்கும். 'சேர்வா' (SIRVA, ஊசி போட்டதால் வரும் தோள் பாதிப்பு) என்ற பெயரில் 2017இல் இதை அந்தத் திட்டத்தின் தடுப்பூசிப் பாதிப்பு அட்டவணையில் சேர்த்தார்கள். யாருடைய பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் அந்தத் தோளில் முன்பு நோ இருந்திருக்கக் கூடாது, 48 மணித்தியாலத்துக்குள் நோ தொடங்கியிருக்க வேண்டும், அந்தத் தோளோடு நிற்க வேண்டும், வேறு காரணமும் இருக்கக் கூடாது. பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கவும் வேண்டும்.

வழக்குகள் இடறுவது திகதியில்தான். மூன்று மாதம் பொறுத்துவிட்டு டொக்டரிடம் போய், "கொஞ்ச நாளா நோகுது" என்றால் அதையே எழுதிவிடுவார். பிறகு அந்த ஒற்றை வரியோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். நோ தொடங்கி மூன்று வருடத்துக்குள் மனுப் போட வேண்டும்.

அவரே: லோயருக்குக் காசு?

நியாயமான அடிப்படையில் போட்ட மனு என்றால், தோற்றாலும் அந்தத் திட்டமே கட்டும். "வென்றால் பங்கு தா" என்று கேட்பவரிடம் போக வேண்டாம். வேதனைக்கான தொகைக்கு உச்சம் 250,000 டொலர்.

ஆரையம்பதியிலிருந்து: கொவிட் ஊசி என்றால்?

அது வேறு திட்டம், கஞ்சத் திட்டம். ஊசி போட்டு ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். வேதனைக்கும் இல்லை, லோயருக்கும் இல்லை.

அக்கரைப்பற்றிலிருந்து: சேர், நமக்கு இங்க?

அப்படித் திட்டம் இல்லை. கவனயீனம் என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள். லேசான வேலையல்ல. பிள்ளை வைத்தியரான பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிரான வழக்கில் கவனயீனத்தை ஏற்றும், அதனால்தான் பிள்ளை இறந்தது என்று நிரூபிக்கவில்லை என்று 2001இல் உயர் நீதிமன்றம் வாதிக்கு எதிராகத் தீர்த்தது. நோ வந்தவுடன் எம்.ஓ.எச். (சுகாதார மருத்துவ அதிகாரி) அலுவலகத்தில் சொல்லிப் பதியுங்கள். தொடங்கிய திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

கல்முனைத் தாதி ஒருவர்: எங்களையெல்லாம் மாட்டி விடப் போறீங்களா?

இல்லை தங்கச்சி. அமெரிக்காவில் அந்த மனு சுகாதாரச் செயலாளருக்கு எதிராகத்தான், ஊசி போட்டவருக்கு எதிராக அல்ல. இங்கே உங்களுக்குப் பாதுகாப்பு உங்கள் கைதான். சட்டைக் கழுத்தை ஒரு பக்கம் இழுத்து இறக்கிக் குத்தாதீங்க, ஊசி உயரத்தில்தான் விழும். தோள் முழுதும் தெரியட்டும். எலும்பு விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே போடுங்க.