வாசகர் கேள்வி–பதில்: திரையில் தெரியும் கேரளம்

கேள்வி: ஆங்கிலத் துணைத்தலைப்புகளின் உதவியோடு நாங்கள் மலையாளப் படங்களை விரும்பிப் பார்க்கிறோம். கேரளத்தை நேரில் கண்டிராத எங்களைப் போன்றவர்கள், அவற்றில் வரும் வாழ்க்கையை உண்மையென்று கொள்ளலாமா? (வாசகி, ரோஸ் ஹில்)

பதில்: இடத்தைப் பொறுத்தவரை தயங்காமல் நம்பலாம், அந்த இடத்தில் யாருடைய வாழ்க்கை காட்டப்படுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 2016-இல் வந்த ‘மகேஷிண்டெ பிரதிகாரம்’ இடுக்கி மலைநாட்டு மக்களின் பேச்சிலும் நடையிலும் வேரூன்றியது. 2018-இல் வந்த ‘சுடானி ஃப்ரம் நைஜீரியா’ ஆப்பிரிக்க வீரர்களை வரவழைத்து மலப்புறத்தில் ஆடப்படும் எழுவர் கால்பந்தைச் சுற்றியது. இவ்விரு கதைகளையும் ஊர் மாற்றி வைத்தால் நிற்கமாட்டா.

இந்தப் பிடிப்புக்கு வாசிப்புப் பழக்கம் ஒரு காரணம். சிற்றூர்களிலும் நூலகங்கள் பரவியிருந்த, எழுத்தாளர்களே திரைக்கதை எழுத வந்த மாநிலம் அது. எம்.டி. வாசுதேவன் நாயர் தம் சிறுகதையையே 1973-இல் ‘நிர்மால்யம்’ என்ற படமாக இயக்கினார். நம் மொரீஷியஸ் மாரியம்மன் கோயில்களில் அருள் வந்து ஆடுவோரைக் கண்டிருக்கும் உங்களுக்கு அப்படத்தின் வெளிச்சப்பாடு, அதாவது கோயிலில் அருள் வந்து ஆடுபவர், அந்நியராகத் தோன்றமாட்டார். கவனிப்பாரற்ற கோயிலை நம்பி வாழ்ந்து, வீட்டில் பட்டினியையும் அவமானத்தையும் கண்டுவிட்ட அந்த மனிதர், திருவிழாவில் ஆவேசமாக ஆடி, வாளால் தம் நெற்றியை வெட்டிக்கொண்டு, இறுதியில் தெய்வத்தின் முகத்தில் உமிழ்கிறார். அக்காட்சியை இன்று எடுக்க எவருக்கேனும் துணிவு வருமா என்பது ஐயமே. 1981-இல் அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்த ‘எலிப்பத்தாயம்’ பழைய வாழ்முறையின் இதே சரிவை நிலவுடைமைக் குடும்பத்தின் பக்கமிருந்து காட்டுகிறது; காலம் மாறிவிட்டதை ஏற்க இயலாத ஒருவர், சகோதரிகளின் உழைப்பில் வாழ்ந்தபடியே தம் வீட்டுக்குள் சுருங்கிப்போகிறார்.

கேள்வி: அப்படங்கள் சாதியைப் பற்றி வாய் திறப்பதில்லை என்கிறார் என் நண்பர். சரிதானா? (வாசகர், போர்ட் லூயி)

பதில்: பாதி சரி. 1954-இலேயே ‘நீலக்குயில்’ தீண்டாமையைப் பேசியது. மேல்சாதியான நாயர் சமூகத்து ஆசிரியர் ஒருவரால் கைவிடப்பட்ட தலித் பெண்ணின் குழந்தையை அதில் ஓர் அஞ்சல்காரர் வளர்க்கிறார். ஆனால் அதற்கு முன்பே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் எடுத்த முதல் மலையாள மௌனப்படமான ‘விகதகுமாரன்’ திரையிடப்பட்டபோது, நாயர் பெண்ணாக நடித்த தலித் நடிகை பி.கே. ரோஸியை ஆதிக்க சாதியினர் ஊரைவிட்டே விரட்டினார்கள். அதன் பின்னர் நெடுங்காலம் மேல்சாதியினரின் ‘தறவாடு’ எனப்படும் பூர்வீகக் குடும்ப வீடுகளே கேரளத்தின் முகமாகத் திரையை நிறைத்தன. கொச்சி நகரம் வளர வளர, தலித் மக்கள் தம் நிலத்தை இழந்த கதையைச் சொல்ல 2016-இல் ‘கம்மட்டிப்பாடம்’ வர வேண்டியிருந்தது.

கேள்வி: அவற்றில் தமிழர்களுக்கு இடமுண்டா? (வாசகர், கத்ர் போர்ன்)

பதில்: உண்டு, பல படங்களில் நகைப்புக்குரிய துணைப் பாத்திரமாகத்தான். விதிவிலக்காக, லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்தைத் தேடிப் பாருங்கள். வேளாங்கண்ணி சென்று திரும்பும் மலையாளி ஒருவர், வழியில் உறங்கி விழித்ததும், ஒரு தமிழ்க் கிராமத்தில் காணாமற்போன சுந்தரமாகவே மாறிவிடுகிறார். அவராக நடிக்கும் மம்முட்டி அங்கே தமிழிலேயே பேசுகிறார். பின்னணியில் பழைய தமிழ்ப் படப் பாடல்களும் வசனங்களும் ஒலித்துக்கொண்டே இருக்கும் என்பதால், அப்பகுதிகளுக்கு உங்களுக்குத் துணைத்தலைப்பு தேவைப்படாது.