காக்பிட்ல பிரவுசர் டெர்மினல்: ஒரே ஒரு வாசல் போதும்

கேள்வி: ஆபீஸ்ல அஞ்சு உபுண்டு சர்வர், எல்லாத்துலயும் காக்பிட் (பிரவுசர்லேர்ந்தே சர்வரை நிர்வகிக்கிற டூல்) போட்டு சிபியு, டிஸ்க் எல்லாம் பாக்குறேன். வீட்லேர்ந்து டெர்மினலும் வேணும்னு அஞ்சுலயும் 9090 போர்ட்டை இன்டர்நெட்டுக்கு திறந்துட்டேன். ஒண்ணு மட்டும் என்ஜின்எக்ஸ் (வெளியேர்ந்து வர்றதை வாங்கி உள்ள அனுப்புற ப்ராக்ஸி) பின்னாடி இருக்கு, அதுல லாகின் பேஜ் வருது, பாஸ்வேர்ட் போட்டதும் வெள்ளை ஸ்க்ரீன். என்ன பண்றது?

மொதல்ல அந்த அஞ்சு போர்ட்டையும் இன்னைக்கே மூடிடுங்க. காக்பிட் டெர்மினல்னா அது சும்மா பாக்குறதுக்கான டூல் இல்ல, நெஜ ஷெல் (அடிக்கிற கமாண்ட் அப்படியே சர்வர்ல ஓடும்), உங்க யூசருக்கு சூடோ (அட்மின் அதிகாரம்) இருந்தா உங்க பாஸ்வேர்டை கண்டுபுடிச்சவனுக்கும் சூடோ இருக்கு. அதனால வயர்கார்ட் மாதிரி ஒரு விபிஎன் (என்க்ரிப்ட் பண்ண தனி வழி) போட்டு, அதுக்குள்ளேர்ந்து ஒரே ஒரு சர்வரோட 9090க்கு மட்டும் வழி விடுங்க. காக்பிட் சாக்கெட் யூனிட்டை (எந்த ஐபி, போர்ட்ல காக்பிட் காத்திருக்கணும்னு சொல்ற செட்டிங்) சிஸ்டம்சிடிஎல் எடிட்ல திறந்து, லிசன்ஸ்ட்ரீம் வரியை ஒரு தடவ காலியா போட்டு, அடுத்த வரில விபிஎன் ஐபியோட 9090ஐ குடுத்தா வேற எந்த ஐபிலயும் அது பதில் சொல்லாது. அந்த காலி வரியை விட்டுட்டீங்கன்னா பழைய செட்டிங்கும் சேந்தே ஓடும், நிறைய பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க.

மத்த நாலுக்கும் 9090 தேவையே இல்ல, எஸ்எஸ்ஹெச் (இன்னொரு மெஷினுக்குள்ள பாதுகாப்பா லாகின் பண்ற வழி) போதும். லாகின் பேஜ்ல அதர் ஆப்ஷன்ஸ் அமுக்கினா எந்த ஹோஸ்ட்டுக்கு போகணும்னு கேக்கும், உங்க முதல் சர்வர் எஸ்எஸ்ஹெச் வழியா அங்க கூட்டிட்டு போகும், அந்தப் பக்கம் காக்பிட் பிரிட்ஜ் (அந்த மெஷின்ல வேலையை செய்யுற காக்பிட் பாகம்) இருந்தா சரி. ஆனா இதுக்கு பாஸ்வேர்ட் லாகின் வேணும். பாஸ்வேர்டே இல்லாம எஸ்எஸ்ஹெச் கீ ஃபைல் மட்டும்தான்னு வச்சிருந்தீங்கன்னா (வச்சிருக்கணும்), முதல் சர்வர் டெர்மினல்லேர்ந்தே எஸ்எஸ்ஹெச் அடிச்சு போயிடுங்க. ஒரே விண்டோல எல்லா மெஷினையும் மாத்தி மாத்தி பாக்குற ஹோஸ்ட் ஸ்விட்சர் இப்ப பல டிஸ்ட்ரோல டிஃபால்ட்டா ஆஃப், காரணம் ஒரு சர்வர் ஹேக் ஆனா அதோட ஜாவாஸ்க்ரிப்ட் அதே பிரவுசர் செஷன்ல ஓடி மத்த சர்வரையும் தொட்டுடும். அதை ஆன் பண்ணாதீங்கன்னுதான் சொல்லுவேன்.

வெள்ளை ஸ்க்ரீனுக்கு வருவோம். லாகின் பேஜ் சாதாரண ஹெச்டிடிபி, அதுக்கப்புறம் எல்லாமே வெப்சாக்கெட் (பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவுல திறந்தே இருக்குற இருவழி இணைப்பு). என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்ல ப்ராக்ஸி ஹெச்டிடிபி வெர்ஷன் 1.1, அப்கிரேட், கனெக்‌ஷன் ரெண்டு ஹெட்டரும் பாஸ் ஆகணும், ப்ராக்ஸி பஃபரிங் ஆஃப் பண்ணுங்க. இதெல்லாம் பண்ணியும் வரலைன்னா ஈடிசில காக்பிட் ஃபோல்டருக்குள்ள இருக்குற காக்பிட் டாட் கான்ஃப்ல வெப்சர்வீஸ் செக்‌ஷனை பாருங்க, அங்க ஆரிஜின்ஸ்ல உங்க டொமைனை ஹெச்டிடிபிஎஸ்ஸோட சேத்து முழுசா எழுதணும். அது பொருந்தலைன்னா காக்பிட்டே கனெக்‌ஷனை மறுத்துடும், பிரவுசர் கன்சோல்ல வெப்சாக்கெட் ஃபெயில்னு நிக்கும். ஃபைல் இல்லைன்னா நீங்களே உருவாக்கிக்கலாம்.

அதே ஃபைல்ல செஷன் செக்‌ஷன்ல ஐடில்டைம்அவுட் 15னு போடுங்க, கணக்கு நிமிஷத்துல. டிஃபால்ட் சைபர், அதாவது நீங்க எழுந்து போனாலும் ஷெல் திறந்தே கெடக்கும். ஆனா ஒண்ணு, டேபை மூடினாலோ ரிஃப்ரெஷ் அடிச்சாலோ டெர்மினல்ல ஓடுற வேலையும் செத்துடும், ஏபிடி அப்கிரேட் நடுவுல அப்படி ஆச்சுன்னா பேக்கேஜ் பாதில தொங்கும். அப்கிரேட், பேக்கப் மாதிரி நேரம் புடிக்கிற எதையும் டீமக்ஸ்க்குள்ள (டெர்மினல் மூடினாலும் வேலையை சர்வர்லயே ஓட விடுற டூல்) ஆரம்பிங்க, லைன் கட்டானாலும் திரும்ப லாகின் பண்ணி டீமக்ஸ் அட்டாச் குடுத்தா விட்ட இடத்துலேர்ந்தே பாக்கலாம்.